ஆயுத பூஜைக்கு வந்த வெள்ளம்

எங்கள் ஊரில் என்னை மழைக்காரி என்பார்கள். பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். மழை பெய்தாலும் திட்டு எனக்குத்தான், பெய்யாமல் போனாலும் எனக்குத்தான். சாயம் ஏற்றிய நூலை மூங்கிலில் காயப் போட்டிருக்கிற நேரம் பார்த்து நாலு தூறல் விழுந்தால், "அந்த மழைக்காரி ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று என் வீட்டு வாசலைப் பார்த்துச் சத்தம் போடுவார்கள். கல்யாணத்துக்குத் தேதி குறிக்கிறவர்கள் ஜோசியர் வீட்டுக்குப் போய்விட்டு நேராக என் வீட்டுக்கு வருவார்கள். "நான் மழைய அளக்கறவளுங்க, அனுப்பறவ இல்லீங்க" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். யாரும் காதில் வாங்குவதாக இல்லை.

என் வேலை ரொம்பச் சின்னது. தினமும் காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்து மூலையில் இருக்கிற மழைமானியைத் திறக்க வேண்டும். உள்ளே சேர்ந்திருக்கிற தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து, நோட்டில் எழுதி, சேலத்தில் இருக்கிற மேடத்துக்குப் போனில் அனுப்ப வேண்டும். வருடத்தில் பாதி நாளுக்கு மேல் நான் எழுதுவது பூஜ்யம்தான். பூஜ்யமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும் என்பது மேடத்தின் உத்தரவு. "ஒண்ணுமில்லைன்னு எழுதறதுக்கு ஒரு ஆளா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நீங்களும் தினமும் பேப்பர் முழுவதையும் படித்துவிட்டு 'ஒண்ணுமில்ல' என்றுதானே மடித்து வைக்கிறீர்கள் என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

எடப்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பெயர் எதற்கு, தறித்தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவின் இரண்டு பக்கமும் விசைத்தறிக் கொட்டகைகள், அதில் ஒன்றில் நானும் தறி ஓட்டுகிறேன். காலையில் முதல் தறி ஓட ஆரம்பித்தால் அப்புறம் நாள் முழுவதும் ஒரே இரைச்சல்தான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு, "எப்படித்தான் இங்கே தூங்குறீங்க?" என்பார்கள். அவர்களுக்குத் தெரியாது, எங்களுக்கு அந்தச் சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும். தறித்தெருவில் ரகசியம் என்பதே கிடையாது. மெதுவாகப் பேசினால் யாருக்கும் கேட்காது என்பதால் புருஷன் பெண்டாட்டி கொஞ்சிக்கொள்வதுகூடக் கத்தித்தான். சேலம் பஸ்ஸில் எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர் நலம் விசாரித்துக்கொண்டால், சண்டை என்று நினைத்து கண்டக்டர் நடுவில் வந்து நிற்பார்.

அப்பேர்ப்பட்ட தெருவிலேயே பெரிய தொண்டை என்னுடையது. எங்கள் வாசலில் நின்று கூப்பிட்டால் மேட்டில் இருக்கிற டீக்கடையில், "எத்தன டீ?" என்று விரலைக் காட்டிக் கேட்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அந்தக் கர்வம் நாலு வருடத்துக்கு முன்பு ஐப்பசியில் ஒரு மத்தியானம் போயிற்று.

எங்கள் தெருவின் கடைசியில் பள்ளம் ஓடுகிறது. மற்ற ஊர்க்காரர்கள் ஓடை என்பார்கள், நாங்கள் பள்ளம் என்போம். ஓடுகிறது என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். வருடத்தில் பத்து மாதம் அதில் ஆடு மேயும், கிரிக்கெட் நடக்கும். அதன் ஓரத்தில், ரோட்டிலிருந்து நாலு படி இறங்கினால் ஒரு கொட்டகை. பக்கத்து வீட்டு அண்ணனுடையது. நாலு தறி. அண்ணன் நூல் வாங்க வெளியே போனால், அக்கா ஒருத்தியே நான்கையும் பார்த்துக்கொள்வாள். அக்கா என்றால் அண்ணனின் சம்சாரம். எனக்கு ரத்த சொந்தம் இல்லை. ஆனால் என் வீட்டில் என்ன குழம்பு என்பது எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அன்றைக்கும் அண்ணன் நூல் வாங்கப் போயிருந்தார். எங்கள் ஊரில் வெறும் தூறல்தான். மேலே மலைப்பக்கம் கொட்டியது எங்களுக்குத் தெரியாது. அங்கே ஓர் ஏரியின் கரை உடைந்ததும் தெரியாது. போனில் எச்சரிக்கை வந்ததாம். வந்தது உண்மைதான், பிறகு நானே பார்த்தேன். அது வந்த நேரத்தில் என் போன் சாப்பாட்டுக் கூடையில் தயிர் டப்பாவுக்கு அடியில் கிடந்தது. தெருவில் எல்லோருடைய போனும் அப்படித்தான் எங்கேயாவது கிடந்தது. டீ சொல்லலாம் என்று வெளியே வந்த நான், ஸ்டம்பு நட்டிருந்த இடத்தில் செம்மண் தண்ணீர் சுழல்வதைப் பார்த்தேன். ஓடிப்போய்ப் படியின் மேல் நின்று அக்காவைக் கூப்பிட்டேன். அவள் கடைசித் தறிக்குப் பின்னால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். இருக்கிற தொண்டை முழுவதையும் போட்டுக் கத்தினேன். நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அவள் திரும்பவில்லை. இரண்டு படி இறங்கியிருப்பேன், பள்ளத்துப் பக்கச் சுவர் அப்படியே உள்ளே விழுந்தது. யாரோ என் முடியைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்துப் போட்டார்கள்.

அக்கா போய்விட்டாள். சுற்றுவட்டாரத்தில் இன்னும் எத்தனையோ பேர் போனார்கள், ஆடு மாடு போயிற்று, வீடுகள் போயின. பேப்பரில் எல்லாம் வந்தது. எனக்கு அக்கா போனதுதான் வெள்ளம்.

காரியம் முடிந்த அன்றைக்கு அண்ணன் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கூப்ட்டியா அம்முணி?"

"கூப்ட்டேனுங்ணா."

அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. 'அவ கூப்புடாம டீக்கடைப் பக்கம் ஓடிட்டா' என்று தெருவில் சிலர் பேசியது அவர் காதுக்கும் போயிருக்கும். மேட்டு டீக்கடைக்கே கேட்கிற குரல் நாலு படிக்குக் கீழே இருந்தவளுக்குக் கேட்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அதே இடத்தில், அதே நாலு படிக்குக் கீழே, கொட்டகையைத் திரும்பக் கட்டினார். வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம். "வேற எடம் எங்க இருக்குது?" என்றார். அவர் உள்ளே போகும்போதெல்லாம் நான் பள்ளத்தை ஒருமுறை எட்டிப் பார்ப்பேன்.

அடுத்த வருடம் எங்களுக்கு முன்னெச்சரிக்கை வந்தது. வெள்ளத்துக்கு முன்னால் வரவேண்டியது வெள்ளத்துக்குப் பின்னால் வந்ததால் அதைப் பின்னெச்சரிக்கை என்று நான் சொல்வேன். ஜீப்பில் கம்பி வந்தது, பெட்டி வந்தது, கூடவே மேடம் வந்தார். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், வயது முப்பதுக்குள். கையில் கம்ப்யூட்டர், காலில் ஓடுவதற்கென்றே போட்ட மாதிரி ஷூ. எங்கள் பேச்சில் வருகிற 'ங்க'வை எண்ணிக்கொண்டே இருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம். ஒவ்வொன்றுக்கும் லேசாகச் சிரிப்பார்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு, "அன்னிக்கு மெசேஜ் வந்தும் ஏன் யாரும் வெளியே வரல?" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்று, தறிச் சத்தம், தயிர் டப்பா, பள்ளம், பக்கத்து ஊரில் மழை பெய்தால் எங்களுக்குத் தெரியாத கதை எல்லாவற்றையும் கால் மணி நேரம் பேசினேன். பேசி முடித்ததும் மேடம் என்னை முன்னெச்சரிக்கைக் குழுவில் போட்டுவிட்டார். அதிகம் பேசுகிறவர்களுக்கு வேலை கொடுத்து வாயை அடைப்பது எல்லா ஆபீஸிலும் இருக்கிற வழக்கம் போல. மழைமானி, நோட்டு, மொட்டை மாடிச் சாவி எல்லாம் அப்படித்தான் என் இடுப்புக்கு வந்து சேர்ந்தன.

பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில்தான் பெரிய மெஷின். ஒரு கம்பம், அதில் சூரிய வெளிச்சத்தில் கரண்ட் எடுக்கிற தட்டு, காற்றுக்குச் சுற்றுகிற மூன்று கரண்டி, இட்லித் தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கின மாதிரி வெள்ளையாக ஏதோ ஒன்று, பக்கத்தில் ஒரு புனல். மழை புனலில் விழுந்தால் உள்ளே சின்னதாக இரண்டு கிண்ணம், பிள்ளைகள் ஏறி இறங்கி விளையாடுகிற சீசா பலகை மாதிரி மாறி மாறிக் கவிழும். எத்தனை முறை கவிழ்ந்தது என்பதை வைத்து எவ்வளவு மழை என்று அதுவே கணக்குப் போட்டுச் சேலத்துக்குச் சொல்லிவிடும். மலையடிவாரத்திலும் ஏரிக்கரையிலும் இதேபோல் ஒவ்வொன்று. கொஞ்ச நேரத்தில் அளவுக்கு மீறிப் பெய்தால், யாரையும் கேட்காமல் தண்ணீர்த் தொட்டியின் மேல் இருக்கிற சங்கை ஊதிவிடும். சங்கு என்றால் மில்லில் ஊதுகிற மாதிரிச் சங்கு, ஆனால் பேட்டரியில் ஓடுவது.

முதல் சோதனையை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வைத்தார்கள். சங்கு ஊதியது. ஊரில் இருக்கிற நாய்கள் அத்தனையும் கழுத்தைத் தூக்கி ஊளையிட்டன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். தறித்தெருவிலிருந்து ஒரு ஈ காக்காய் வரவில்லை. மேடம் முகம் சுருங்கிவிட்டது. இன்னொரு சங்கு வாங்கித் தெருமுனையில் மாட்டினார்கள். அடுத்த சோதனைக்கு நாய்கள் இன்னும் நன்றாக ஊளையிட்டன. தறித்தெரு நெய்துகொண்டே இருந்தது.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

எங்கள் தெருவில் தீபாவளி இரண்டாம் பட்சம், ஆயுத பூஜைதான் பெரிசு. அன்றைக்கு ஒரு தறியும் ஓடாது. பஞ்சைத் தட்டி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, தறிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலையோடு படைப்போம். தறி மட்டும் இல்லை. மொபெட், மிக்ஸி, தையல் மெஷின், அரிவாள்மனை, எங்கள் வீட்டுக்காரரின் ரேசர் வரைக்கும் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வீட்டில் எல்லாவற்றுக்கும் வைத்து முடித்து நிமிர்ந்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. ஊரைக் காப்பாற்றுவதற்கென்று ஒரு மெஷின் மொட்டை மாடியில் தனியாக நிற்கிறது. அதன் மேல் காக்காய் எச்சம். எல்லாவற்றுக்கும் பூஜை, அதற்கு மட்டும் கிடையாதா?

மூன்று குடம் தண்ணீரை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். முதல் குடத்தில் எச்சம் போயிற்று. இரண்டாவது குடத்தைப் புனலில் நிதானமாக ஊற்றிச் சுத்தம் செய்தேன். உள்ளே அந்தக் கிண்ணங்கள் டிக்டிக்கென்று கவிழ்கிற சத்தம் கேட்கவே இன்பமாக இருந்தது. மூன்றாவது குடம் பன்னீர் கலந்தது. கம்பத்துக்கு மாலை, புனலுக்குச் சந்தனம், இட்லித் தட்டுக்கு மூன்று பட்டை விபூதி. கற்பூரத்தைக் கொளுத்தி, "இனி ஒருத்தரையும் கொண்டு போக வுட்டுராத சாமி" என்று கும்பிட்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கண்ணில் தண்ணீர் வரத்தான் கும்பிட்டேன்.

கண்ணைத் திறப்பதற்குள் இரண்டு சங்கும் சேர்ந்து ஊதின.

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. சாமி வந்துவிட்டது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். மாடியிலிருந்து பார்த்தால் தறித்தெரு முழுவதும் மேட்டைப் பார்த்து ஓடி வருகிறது. பட்டுப்புடவையோடு ஓடி வருகிறார்கள், பொரிப் பொட்டலத்தோடு வருகிறார்கள், வாழைக்கன்றைக் கையில் பிடித்தபடியே ஒருவர் வருகிறார். வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. வந்தவர்கள் மைதானத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். மேலே நான், கையில் காலிக் குடம், பக்கத்தில் மாலை போட்டுக்கொண்டு மெஷின்.

போன் அடித்தது. மேடம். "உங்க ஊர்ல என்ன நடக்குது? மேகம் வெடிச்சிடுச்சா? ரேடார்ல ஒரு பொட்டு மேகம்கூட இல்லியே!"

"மேகமெல்லாம் இல்லீங்க மேடம்" என்றேன். "ஆயுத பூசைங்க."

மேடம் போனை வைத்துவிட்டார்.

கீழே ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் மைதானமே சிரித்தது. என் மானம் கப்பலேறியது. நானும் சிரித்துத்தான் சமாளித்திருப்பேன், கூட்டத்தின் ஓரத்தில் அண்ணனைப் பார்க்காமல் இருந்திருந்தால். அவர் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்திருந்தார். பூஜைக்கென்று புது மாலை போட்டிருந்த அக்காவின் படத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். என்னையும் குடத்தையும் பார்த்தார். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. நான் கீழே இறங்கி வந்தபோது ஒன்று மட்டும் சொன்னார்.

"இனி இது ஊதுனா நா வரமாட்டேன் அம்முணி. ஊதட்டும்."

முதல் தடவை நான் கூப்பிட்டேனா என்றே அவருக்குச் சந்தேகம். இரண்டாவது தடவை பொய்யாகக் கூப்பிட்டு ஓட வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை உண்மையிலேயே தண்ணீர் வந்து, அவர் அந்த நாலு படிக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டால்? இந்த நினைப்பு என்னை விட்டுப் போகவில்லை. ஊருக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை. 'குடத்து மழை' என்று பேர் வைத்துவிட்டார்கள். நான் குடத்தோடு குழாயடிக்குப் போனால், "ஏனுங்க, இன்னைக்கு லீவு வுட்டுரலாங்களா?" என்பார்கள்.

அடுத்த வாரம் மேடம் விசாரணைக்கு வந்தார். மாடியேறி, புனலில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்தார். "பொட்டு நல்லா இருக்கு. ஆனா துடைச்சிடுங்க" என்றார். திட்டுவார் என்று ரெடியாக வந்திருந்த எனக்கு அது பெரிய ஏமாற்றம். திட்டினால் திருப்பிக் கொடுக்க நாலு வாக்கியம் வைத்திருந்தேன். பிறகு இருவரும் தறித்தெருவில் நடந்தோம். தறிகள் ஓடிக்கொண்டிருந்ததால் அவர் என் காதுக்குள் கத்தினார்: "இன்னும் ரெண்டு சங்கு கேட்டிருக்கேன்!"

வைத்திருந்த நாலு வாக்கியமும் அப்போது வெளியே வந்தன. நாற்பது சங்கு வைத்தாலும் தறிச் சத்தத்துக்கு முன்னால் எடுபடாது என்று கத்தினேன். நான் நின்று கத்திப் பார்த்தவள், எனக்குத் தெரியும் என்று கத்தினேன். "படிச்சவங்களுக்கு இதுகூடவா தெரியாது, எத்தன தடவைங்க சொல்றது!" என்று நான் உச்சத்துக்குப் போன நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

தறிகள் நின்றன. என் கடைசி வாக்கியம் மட்டும் தெரு முழுவதும் தனியாகக் கேட்டது. ஒரு அதிகாரியை நடுத்தெருவில் நிறுத்தி நான் திட்டுவதை ஊரே கேட்டது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குள் கொட்டகைகளிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். தலையில் ஒட்டின பஞ்சைத் தட்டிக்கொண்டு, இடுப்பை நிமிர்த்திக்கொண்டு, டீக்குக் குரல் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு நிமிஷத்தில் தெரு நிறைந்துவிட்டது.

"எதுக்கு எல்லாரும் வெளியே வர்றாங்க?" என்று மேடம் கேட்டார்.

"கரண்ட் போயிருச்சுங்களே" என்றேன். "கரண்ட் போனா உள்ள என்னங்க வேல? எல்லாரும் வெளிய வந்து நாலு வார்த்த பேசுவோம். அதுதானுங்க வழக்கம்."

சொல்லி முடித்ததும் நான் அப்படியே நின்றேன். மேடமும் நின்றார். ஆயுத பூஜை அன்றைக்கு ஏன் அத்தனை பேருக்கும் சங்கு கேட்டது என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. இத்தனை நாளும் சத்தத்துக்கு மேல் சத்தம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். மேடம் தன் நோட்டில் இரண்டு சங்கு என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "டிரான்ஸ்பார்மரை யார் பார்த்துக்கிறாங்க?" என்று கேட்டார்.

ஒயர்மேன் தம்பிதான் பார்த்துக்கொள்கிறான். அவன் லேசில் சம்மதிக்கவில்லை. கரண்டை நிறுத்தினால் ஊர் தன்னைத்தான் அடிக்கும் என்றான். ஊரும் லேசில் சம்மதிக்கவில்லை. ஓடுகிற தறி திடீரென்று நின்றால் அந்த இடத்தில் துணியில் ஒரு கோடு விழும். வாங்குகிறவர்கள் அதைத் தடவிப் பார்த்தே கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவார்கள். அதனால் சோதனை கீதனை என்று நிறுத்தக் கூடாது, உண்மையாகத் தண்ணீர் வந்தால் மட்டும்தான் என்று தீர்மானம் போட்டார்கள். "மழைக்காரி சொன்னாப் பத்தாது, மேடம் வாயால சொல்லோணும்" என்று ஒருவர் சேர்த்தார். அதையும் எழுதிக்கொண்டார்கள். சங்கு இனித் தானாக ஊதாது, முதலில் கரண்ட் நிற்கும், தறி நிற்கும், பிறகு மேடம் சேலத்திலிருந்தே சங்கை ஊதவைப்பார் என்று முடிவாயிற்று. அண்ணன் கூட்டத்துக்கே வரவில்லை.

போன ஐப்பசியில் அது வந்தது.

காலை எட்டரை மணிக்கு நான் பூஜ்யம் எழுதியிருந்தேன். மத்தியானம் நல்ல வெயில். மூன்று மணிக்கு மேல் இருக்கும், தறிக்கு முன்னால் நின்றிருந்தபோது என் இடுப்பு அதிர்ந்தது. போனைத் தயிர் டப்பாவோடு வைக்கிற பழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டேன். மணி கேட்காவிட்டாலும் அதிர்வது வயிற்றுக்குத் தெரியும் என்று இடுப்பில் செருகி வைத்திருப்பேன். வெளியே ஓடிவந்து எடுத்தேன்.

"மலையில ரெண்டு மணி நேரமா கொட்டுதுங்க" என்றார் மேடம். பதற்றத்தில் அவருக்கே 'ங்க' வந்துவிட்டது. "ஏரி நிரம்பி வழியுது. ஒரு மணி நேரத்துல உங்க பள்ளத்துக்கு வந்துடும். நிறுத்துங்க."

ஒயர்மேன் தம்பி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் சொன்னதும் சோற்றுக் கையோடு, "மேடம் சொன்னாங்களா, நீங்களாச் சொல்றீங்களாக்கா?" என்றான். போனை அவன் காதில் வைத்து அழுத்தினேன். அவன் முகம் மாறியது. எழுந்து ஓடினான், கையைக்கூடக் கழுவவில்லை. டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இருந்த கைப்பிடியைப் பிடித்து இழுத்தான்.

தறித்தெரு நின்றது.

ஆட்கள் வெளியே வந்தார்கள். முதலில் ஒயர்மேனைத் திட்டினார்கள். அப்போதுதான் சங்கு ஊதியது. இந்தத் தடவை ஒவ்வொருவருக்கும் கேட்டது. "இன்னைக்கு எத்தன கொடமுங்க?" என்று ஒருவர் என்னைக் கேட்டார், ஆனால் கேட்டுக்கொண்டே நடந்தார். குடத்துத் தண்ணீருக்காக ஒயர்மேன் கரண்டை நிறுத்தமாட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும். துணியில் கோடு விழுந்ததே என்று புலம்பிக்கொண்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு, தெரு முழுவதும் மேடேறியது. நான் டீக்கடை முனையில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒரு முகம் மட்டும் வரவில்லை.

கடைசிக் கொட்டகைக்கு ஓடினேன். பள்ளத்தில் இன்னும் தண்ணீர் இல்லை, ஆனால் தூரத்தில் லாரி வருகிற மாதிரி ஓர் இரைச்சல் இருந்தது. தறிகள் ஓடியிருந்தால் அது எனக்குக் கேட்டிருக்காது. நாலு படிக்கு மேல், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றேன். அண்ணன் கடைசித் தறிக்குப் பின்னால், ஜன்னல் வெளிச்சத்தில், அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. தறி நின்றிருக்கிறது, ஊரே நிசப்தமாக இருக்கிறது என்பதெல்லாம் மறந்துபோய்விட்டது. மூன்று வருடத்துக்கு முன்பு கத்தின அதே கத்தலைக் கத்தினேன்.

"தண்ணி வருது! வெளிய வாங்க! தண்ணி வருது!"

அவர் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். கையிலிருந்த நூல் கீழே விழுந்தது.

"எதுக்கு அம்முணி இப்பிடிக் கத்தற?" என்றார். "கேக்குது."

நான் வாயை மூடவில்லை. மூட முடியவில்லை. அழுகிறேனா கத்துகிறேனா என்று எனக்கே தெரியாமல் நின்றேன். அவர் என்னையே பார்த்தார். நின்றுபோயிருந்த நாலு தறிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு சுவரிலிருந்த அக்காவின் படத்தைக் கழற்றி, வேட்டியில் துடைத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறி வந்தார்.

நாங்கள் பள்ளிக்கூடத்துத் திண்டில் உட்கார்ந்திருந்தபோது தண்ணீர் வந்தது. நாலு படியையும் மூடி, கொட்டகைக்குள் புகுந்து, தெருவில் முழங்கால் அளவுக்கு நின்றது. நனைந்த நூலுக்காக ஒரு பக்கம் புலம்பல், கோழி ஒன்றைக் காணோம் என்று இன்னொரு பக்கம் சண்டை. நாளைக்குக் காலையும் நான் பூஜ்யம்தான் எழுத வேண்டும், இத்தனை தண்ணீரில் எங்கள் ஊர் மழை ஒரு சொட்டுக்கூட இல்லை என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. மூன்று வருடமாகத் தொண்டையில் நின்றதும் அதோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது.

"அன்னைக்கும் இதே மாதிரிதானுங்ணா கத்துனேன்" என்றேன்.

"தெரியும் சாமி" என்றார் அண்ணன், படத்தின் மேல் விழுந்திருந்த பஞ்சை ஊதிக்கொண்டே. "அன்னைக்குத் தறி ஓடீட்டிருந்துச்சு."